கல்லை இடம் மாற்றி வைத்தவர்

ஆதம்பாவா காக்கா மௌத்தான செய்தி எனக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில்தான் வந்தது. பாடசாலையில் மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. கரும்பலகையில் பின்னக் கணக்கொன்றைப் பாதி எழுதியிருந்தேன். 'தபால் கந்தோர் ஆதம்பாவா' என்ற பெயர் காதில் விழுந்ததும் கை நின்றுவிட்டது. இறந்தவர் எனக்கு யாரோ எவரோ அல்லர். என் மனைவியின் மூத்தவள் ராத்தாவுடைய கணவர், என் சகலன், அண்ணன் முறையில் காக்கா. ஒரே வளவில் அடுத்த வீடு, நடுவில் ஒரு மதில். அவர் இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்ததை ஊர் முழுக்க அறிந்திருந்தது. என் மனைவி போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறாள். என்னிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்த வீட்டுக் கதையை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான்தான்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் தபால் கந்தோரில் கம்பிக்குப் பின்னால் இருந்து முத்திரை கிழித்துத் தந்த மனிதர். சிலருக்கு 'மீன்காரக் கிளாக்கர்'. விடிந்தால் தோணி நிறைய மீன் வந்து இறங்கும் ஊரில், தின்ன முடியாத மீனைக் கொழும்பிலிருந்து பொலித்தீன் பையில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நானும் சிரித்தவன். அவரைப் பற்றி நல்லது எழுத எனக்குத் தகுதி இல்லை என்று நினைப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் நினைப்பது சரி. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சூறாவளி அடித்த மறுவருடம் நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனேன். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, ஆண்தான் போகவேண்டும். வீடும் வளவும் பெண்ணுடையவை. கட்டிய உடுப்போடு வருகிறவன் மாப்பிள்ளை. எனக்கு முன்பே அங்கே ஆறு வருட மாப்பிள்ளையாக ஆதம்பாவா காக்கா இருந்தார். முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரை, பக்கத்தில் இரும்புச் சட்டத்தில் புட்டி பூசிய கண்ணாடித் தொட்டி, இதுதான் அவருடைய இடம் என்று கலியாணத்துக்கு முன்பே கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் நான் போன அன்று கதிரை அங்கே இல்லை. பின்னால், அடுப்படிக் குசினி வாசலுக்கு நேரே கிடந்தது. மாமாவின் கட்டில், மேசை, தண்ணீர்க் குடம் வைக்கும் வாங்கு, எல்லாமே புதிய இடங்களில் இருந்தன, பழைய இடங்களின் தடம் தரையில் தெரிந்தது. அவர் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டு சாய்ந்திருந்தார்.

எனக்குச் சுர்ரென்றது. என் மனைவி றகுமத்திடம், "உங்கட மச்சானுக்கு என்னப் புடிக்கல்ல போல. என்ட மூஞ்சில முழிக்கக் கூடாதெண்டு பின்னால போயிட்டாரு" என்றேன்.

"அவரு அப்பிடியாப்பட்ட மனிசனில்ல" என்றாள் அவள்.

நான் நம்பவில்லை. எனக்கு எதுவும் முதலில் குத்தலாகத்தான் தெரியும். இது என் பிறவிக் குணம்.

அவர் அதிகம் பேசமாட்டார். மீனைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பார். ஒரு தொட்டியில் பல சாதி மீன்களைச் சண்டையில்லாமல் வைத்திருப்பது அவருக்கு ஒரு வணக்கம் மாதிரி. வடிவைப் பார்த்து மீன் வாங்குகிறவனுக்கு ஒரு கிழமையில் தொட்டி வெறுமையாகும் என்பார். "வாயப் பார்த்து வாங்கணும். இதுட வாய்க்குள்ள அது போகுமெண்டா, ஒரு நாளைக்குப் போயிரும்." டைகர் பார்ப் மீனை இரண்டு மட்டும் வாங்கி விட்டால் கப்பியின் வாலைக் கடித்துப் பிய்க்கும், எட்டாக விட்டால் தங்களுக்குள் துரத்தி விளையாடும், மற்றவற்றின் மேல் போகாது. ஆனால் அவர் கப்பிக்குப் பயந்து பார்ப் வாங்கவே இல்லை. ஃபைட்டரைத் தனியே ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் வைத்திருந்தார். "அவன் கெட்டவனில்ல. தனிய இரிக்க வேண்டியவன், அவ்வளவுதான்" என்று அதற்காகப் பரிந்து பேசுவார். அப்படிச் சொன்னபோது என்னைப் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

தண்ணீரிலும் அவருக்குக் கண். எங்கள் ஊர்க் கிணறுகளில் கடல் பக்கத்துக் கிணறு உப்புக் கரிக்கும் சவர். வயல் பக்கத்தது நல்ல தண்ணீர். எங்கள் வளவுக் கிணறு தேன் என்று மாமி பெருமைப்படுவார். காக்கா அந்தத் தண்ணீரை அள்ளி இரண்டு நாள் வெயிலில் வைத்துத்தான் தொட்டிக்கு ஊற்றுவார். "கறுப்பு மொலி சவரிலயும் கிடக்கும். மத்ததெல்லாம் இந்தக் கிணத்த நம்பித்தான் இரிக்கி" என்று ஒருநாள் சொன்னார். பின்னால் இந்த வார்த்தை எனக்கு வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியாது.

ஒருமுறை கொழும்பிலிருந்து நாலு பிளட்டி மீன் கொண்டுவந்தார். விடுவதற்கு முன் தொட்டிக்குள் கையை விட்டு, கல், ஓட்டுத் துண்டு, பாசிச் செடி எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தார். நன்றாகத்தானே இருந்தது, ஏன் கலைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பழைய மீனுக்கெல்லாம் ஊடு இரிக்கி தம்பி. இந்தக் கல் எனக்கு, அந்த மூலை உனக்கு எண்டு புடிச்சு வெச்சிரிக்கும். புதுசா வாறத்துக்கு ஒண்டுமில்ல, போற இடமெல்லாம் துரத்து வாங்கும். கல்லெல்லாம் மாத்தி வெச்சா எல்லாருக்கும் புது ஊடுதான். மறுகா சண்டை இல்ல."

நான் தலையாட்டினேன். கணக்கு மாஸ்டர், இதிலிருந்து அதைக் கழிக்கத் தெரிந்தவன். அன்றைக்கும் குசினி வாசலில் கிடந்த சாய்மனைக் கதிரை என் புத்தியில் வரவில்லை.

இனி என் தவறுகளுக்கு வருகிறேன். முதலாவது, அறியாமல் செய்தது. விதைப்புக் காலத்தில் வயலுக்குப் போன இடத்தில், வாய்க்காலில் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்னதாக மீன் ஓடியது. அழகாக இருந்தது. ஒன்றை வெறும் பால்மாத் தகரத்தில் பிடித்துவந்து, "காக்கா, இத உங்கட தொட்டிக்கு விடுங்க" என்று கொடுத்தேன். அது யப்பான் மீன் குஞ்சு, திலாப்பியா. அவருக்குப் பார்த்தவுடன் தெரிந்திருக்கும். அது வளர்ந்தால் எவ்வளவு பெரிய வாயாகும் என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் புது மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்த பொருளை வேண்டாம் என்று சொல்வது எங்கள் வழக்கத்தில் இல்லை. மாங்காய் புளித்தாலும் இனிக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். அவர் தகரத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "நல்ல மீன்" என்று சொல்லித் தொட்டியில் விட்டார்.

மூன்று மாதத்தில் கப்பி ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் எனக்குச் சொல்லவில்லை. கப்பி எங்கே என்று கேட்டதற்கு, "அதுட ஆயுசு அவ்வளவுதான் தம்பி" என்றார். யப்பான் மீனைக் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டிக்கு மாற்றிச் சோறு போட்டு வளர்த்தார். அடித்துக் கறியாக்குவோம் என்று மாமி கேட்டபோது, "அதுவும் நம்மட ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளதானே மாமி, அடிக்கேலுமா?" என்று சிரித்தாராம்.

நடுவில் கலவரத்தால் ஊர் கெட்டுப்போன காலம் வந்தது. ஊரடங்கு நாட்களில் மின்சாரமில்லை, தொட்டியின் காற்று மோட்டார் நின்றுபோகும். அவர் ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி அள்ளி மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பார். அப்போது சமாதானக் கூட்டம் கூட்டிய ஒருவர், பல சாதி மீன் ஒற்றுமையாக வாழும் இந்தத் தொட்டியை உதாரணம் காட்டி நாலு வார்த்தை பேசச் சொல்லிக் கேட்டு வந்தார். காக்கா முகம் கறுத்துப்போய், "சரிவராத மீனுக்கு வேற தொட்டி வைக்கலாம். மனிசனுக்கு எங்க போய் வைக்கிற? என்ன விடுங்க" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்குள் எங்களுக்கும் அதே வளவில் தனிவீடு கட்டியாகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி. பெண்கள் போய்வர வேலியில் ஒரு கடப்பு. கிணறும் வேலியோரச் சீமெந்துத் தொட்டியும் எங்கள் பக்கம். மாமா மௌத்தாகிச் சில மாதத்தில் ஒரு கலியாண வீட்டில், ஒரே சகன் தட்டில் என்னோடு சாப்பிட்ட சொந்தக்காரர் ஒருவர், "உங்கள உங்கட சகலன் யப்பான் மீன் எண்டாராமே, உள்ளதெல்லாம் தின்னுற மீன் எண்டு" என்று சிரித்தார். நான் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த கிழமை கல்லும் சீமெந்தும் கொண்டுவந்து இறக்கினேன். கிடுகு வேலி இருந்த இடத்தில் ஆளுயர மதில் எழுந்தது. "கடப்ப மட்டும் விடுங்க, ராத்தா தண்ணிக்கு எங்க போவா?" என்று றகுமத் அழுதாள். விடவில்லை. அந்த மண்ணில் எனக்கு ஒரு பிடிகூடச் சொந்தமில்லை. அது அந்த இரண்டு பெண்களுடையது. வந்து ஒட்டியவன் நான், மதிலும் கட்டினேன்.

 மேசன் வேலை செய்த நாலு நாளும் காக்கா கந்தோருக்குப் போனார், வந்தார். அதன்பின் கடல் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து அவர்களுக்குத் தண்ணீர் வந்தது. அந்தக் கிணறு சவர். பிளட்டி செத்தது, ஏஞ்சல் செத்தது, கடைசியில் ஐந்து கறுப்பு மொலி மட்டும் மிஞ்சியதென்று என் மனைவி யாருக்கோ சொல்வது காதில் விழுந்தது. இந்தக் கிணற்றை நம்பித்தான் மற்றதெல்லாம் இருக்கிறது என்று அவர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது. எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை மறைத்து எழுதினால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். இரண்டரை வருடம் இப்படியே போனது. பள்ளிவாசலில் ஒரே சப்பு வரிசையில் நின்று தொழுதோம். ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது நான் மற்றப் பக்கத்தால் எழும்பிப் போனேன்.

ஜனாஸா அன்று அந்த வீட்டு வாசலை மிதித்தேன். முன் விறாந்தையில் எல்லோரும் நிற்க இடமிருந்தது. சாய்மனைக் கதிரை இன்னும் குசினி வாசலில்தான் கிடந்தது. என் கலியாணத்துக்கு முதல்நாள் எங்கே வைத்தாரோ அங்கேயே. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், தொட்டிக்குள் கைவிட்டுக் கல்லை மாற்றியதும் இதுவும் ஒன்றென்று எனக்கு உறைத்தது. எனக்கு முன் விறாந்தையை விட்டுத் தந்துவிட்டு அவர் ஒன்பது வருடமாக அடுப்புப் புகையில் இருந்திருக்கிறார். சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தாங்கி, அடக்கம் செய்யும் மையவாடி வரை போனேன். வழியெல்லாம் அழுதேன். அழுகை இனி யாருக்கு?

மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் முகம் கழுவும்போது, சீமெந்துத் தொட்டியில் யப்பான் மீன் மதில் ஓரமாக வந்து, தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. முழங்கை நீளம் வளர்ந்திருந்தது. றகுமத்தைக் கூப்பிட்டு, மீனுக்குச் சோறு போடவில்லையா என்றேன்.

"நான் ஒருநாளும் போடல்ல. நீங்க போடுற எண்டுதானே இரிந்தன்" என்றாள்.

இரண்டு பேரும் மதிலைப் பார்த்தோம்.

மதினி, றகுமத்தின் ராத்தா, கணவனை இழந்தவள் விலகியிருக்கும் இத்தாவில் இருக்கிறார். அந்நிய ஆண் முகம் பார்க்கலாகாது. றகுமத் உள்ளே இருக்க, நான் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று, மீனுக்குச் சோறு போட்டது காக்காவா என்று கேட்டேன்.  உள்ளிருந்து மதினியின் குரல் வந்தது.

"ஓம் தம்பி. சுபஹு தொழுதிட்டு வந்து, ஒரு புடி சோத்த மதிலுக்கு மேலால போட்டுட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பாரு. ஆஸ்பத்திரிக்குப் போற அண்டும் போட்டாரு. 'தம்பி தந்த மீனுகா, பட்டினி போடேலாது' எண்டுவாரு." பிறகு, "அந்தக் கண்ணாடித் தொட்டிய நீங்க கொண்டுபோங்க. கிணறு உங்கட பக்கம் இரிக்கி, அங்கதான் மீன் சீவிக்கும் எண்டு சொன்னவரு" என்றார்.

அதில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அவரிடமிருந்து என்னிடம் இப்போது இருப்பவை ஒரு கண்ணாடித் தொட்டி, ஐந்து கறுப்பு மொலி, முழங்கை நீளத்தில் ஒரு யப்பான் மீன். கடப்பு இருந்த இடத்தில் மதிலை உடைத்துவிட்டேன். மதினி வீட்டுக்கு மறுபடி எங்கள் கிணற்றுத் தண்ணீர் போகிறது. மொலிகளை விடுமுன் கல்லெல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்தேன்.

யப்பான் மீன்தான் என் கையால் தின்னவில்லை. சீமெந்துத் தொட்டியருகே நின்று சோறு போட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஆகவே விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உடைத்த வழியால் அந்தப் பக்கம் போகிறேன். அவர் நின்று நின்று புல் முளைக்காமல் போன இடத்தில் நின்று, ஒரு பிடி சோற்றை மதிலுக்கு மேலால் போடுகிறேன். மீன் மேலே வரும் சத்தம் கேட்கிறது.