தூணடியில் உட்கார்ந்தவள்

ஃபுவாதினோ அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். இரண்டு பேரை ஆக்லாந்துக்கு அனுப்பினாள். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டினாள். ஆனாலும் சவாயித் தீவின் அந்தக் கடற்கரை ஊரில் அவள் இன்னும் ‘வந்தவள்’தான். ஊரில் பிறந்த பெண்கள் மகளிர் சபையில் உட்காருவார்கள். வந்தவர்கள் பின்பக்கம் சமைப்பார்கள். இதில் கோபப்பட ஒன்றுமில்லை என்றுதான் அவளும் வெகுகாலம் நினைத்திருந்தாள். அவள் பிறந்த ஊரில் அவளுடைய அண்ணன் மனைவி அப்படித்தான் சமைத்தாள். அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவள் இவள்.

தலைநகர் ஆப்பியாவிலிருந்து ஒரு கல்வி அமைப்பு வந்து, போதகர் வீட்டுக் கொட்டகையில் பெண்களுக்கு மாலை வகுப்பு தொடங்கியது. சேர்ந்தவர்கள் எல்லோரும் வாக்கப்பட்டு வந்தவர்கள். ஊர்ப் பெண்களுக்குச் சபைக் கூட்டங்களே போதுமாக இருந்தன. வகுப்பில் தையலும் சுகாதாரமும் விவிலிய வாசிப்பும் சொல்லித் தந்தார்கள். ஃபுவாதினோவுக்குத் தையல் முன்பே தெரியும். அவள் கேட்டது, அப்பா கடலிலிருந்து திரும்பாத வருஷம் பாதியில் நின்றுபோன பள்ளிப் படிப்பை. அதன் இறுதித் தேர்வை.

“அது என் கையில இல்லம்மா,” என்றாள் ஆசிரியை. “ஆய்வுக்கு ஆள் வருது. வகுப்பு இங்க நடக்கணுமா, என்ன சொல்லித் தரணும், எல்லாம் அவங்க எழுதறதுதான். அவங்ககிட்டயே சொல்லுங்க.”

வீட்டில் அவள் கணவன் இயோபு சிரித்தான். “ஐம்பது வயசுல பரீட்சை எழுதி எந்த ஆபீசுக்குப் போகப்போற?”

“எங்கயும் போகல. இங்கயேதான் இருப்பேன். படிச்சவளா இருப்பேன்.”

படிப்பு எதற்கு என்று சிறுவர்களை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. அவர்களிடம் எதிர்காலம் இருப்பதாக எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். வயதானவரிடம் மட்டும்தான் கேட்கிறார்கள். கேட்பவர் நல்லவராக இருந்தாலும் அந்தக் கேள்வியில் ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கிறது. ஃபுவாதினோ இதை இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கு எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆய்வுக்கு வந்தவள் லினேதா. பல்கலைக்கழகத்தில் வேலை, ஆனால் பிறந்தது இதே தீவில். அதனால் ஊர் முறை தெரிந்தவள், தெரிந்ததால்தான் தவறினாள். சுவரில்லாத சபை வீட்டில், விருந்தாளிக்கு உரிய இடத்தில் பாய்மேல் உட்கார்ந்து, சபைத் தலைவியிடம் கேள்விகளைக் கேட்டாள். சபை ஒரே குரலில்தான் பேசும். அந்தக் குரல் பெரெனிசேயுடையது. அவள் இயோபுவின் அக்கா, ஃபுவாதினோவுக்கு நாத்தனார். வகுப்பின் வாசலைக்கூட மிதித்ததில்லை.

“வகுப்புல எல்லாருக்கும் பரம திருப்தி,” என்றாள் பெரெனிசே.

“குறை ஏதாவது?”

“வந்த விருந்தாளி முன்னால குறை பாடற ஊரா இது?”

எல்லோரும் சிரித்தார்கள். லினேதாவும் சிரித்தாள். “அப்ப இங்க வேண்டியதெல்லாம் கிடைச்சிருச்சு. அடுத்த வருஷம் வகுப்பை வேற ஊருக்கு மாத்தலாம்னு எழுதிக்கறேன்.”

“தாராளமா!”

ஃபுவாதினோ கோகோத் தட்டோடு குனிந்தபடி வந்துகொண்டிருந்தாள். தட்டைப் பாயில் வைத்தாள். திரும்பிப் போகவில்லை. பக்கத்தில் இருந்த தூணில் சாய்ந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். எந்தத் தூணில் யார் சாயலாம் என்பது அவர்கள் யாரும் பிறப்பதற்கு முன்பே முடிவான விஷயம்.

“வகுப்புக்குப் போறவ நான். இங்க பேசினவங்க ஒருத்தரும் வந்ததில்ல. எனக்கு வேண்டியது கிடைக்கல. பள்ளிக்கூடப் பரீட்சைக்குச் சொல்லித் தரணும்.”

“ஃபுவாதினோ, கோகோ ஆறுது,” என்றாள் பெரெனிசே.

“ஆறட்டும் அக்கா.”

லினேதா பேனாவை எடுத்தாள். “படிச்சா என்ன பயன்னு நான் எழுதணும்மா. வருமானமா, பிள்ளைங்க படிப்புக்கா?”

“ரெண்டும் இல்ல. நீங்க படிக்கப் போனப்ப உங்களை யாராச்சும் இப்படிக் கேட்டாங்களா?”

“எங்கம்மா கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. பஸ் ஏறிட்டேன்.” லினேதா முன்பு எழுதியதைப் பார்த்தாள். “ஆனா ஒருத்தர் சொல்லி, ஊர் சொன்னதை மாத்தி எழுத முடியாது. வியாழக்கிழமை திரும்ப வர்றேன். சபை வேற சொன்னா வேற எழுதறேன்.”

அவள் கார் போனதும் பெரெனிசே தீர்ப்புச் சொன்னாள். “பேசினதுக்கும் தூணுக்கும் சேர்த்து ஒரு பெட்டி டின் மீன் அபராதம். குடும்பம் கட்டணும்.”

“எந்தக் குடும்பம்?” என்றது ஒரு கிழட்டுக் குரல். “உன் தம்பி குடும்பந்தானே? உன் சோத்துலருந்துதான் போகும் பெரெனிசே!”

சபை விழுந்து விழுந்து சிரித்தது. பெரெனிசே மட்டும் சிரிக்கவில்லை. சொன்ன தீர்ப்பைத் திரும்பப் பெறவும் இல்லை.

“ஊர் முன்னால மன்னிப்புக் கேட்டுடு,” என்றாள் வீட்டுக்கு வந்து. “குறைச்சிடறேன்.”

“குறைக்க வேண்டாம் அக்கா. நான் பேசினது குறைஞ்ச பேச்சு இல்ல.”

அவளைத் துணிச்சல்காரி என்று சொல்லிவிடுவது எளிது. அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இயோபு அவளோடு பேசவில்லை. பேசாமலே, அவள் வளர்த்த பன்றியை விற்கக் கூட வந்து, கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

வியாழக்கிழமை லினேதா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஃபுவாதினோ இரண்டு பெட்டிகளைச் சுமந்து வந்து பெரெனிசே முன்னால் இறக்கினாள்.

“ஒண்ணுதானே சொன்னேன்?”

“இது போன தடவை பேசினதுக்கு. இது இன்னிக்குப் பேசப் போறதுக்கு.”

அதே தூணடியில் போய் உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை. பெரெனிசே பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் சீமைப்பலா சுட்டுக்கொண்டிருந்தவர்களில் சலா என்பவள் எட்டிப் பார்த்தாள். அவளும் வாக்கப்பட்டு வந்தவள்தான்.

“அக்கா, ஒரு சந்தேகம். ஒரு பெட்டிக்கு எத்தனை பேர் பேசலாம்?”

“அதிகப்பிரசங்கி!” என்றாள் பெரெனிசே. ஆனால் போ என்று சொல்லவில்லை. சலா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து ஓரமாக உட்கார்ந்தார்கள்.

லினேதா விருந்தாளியின் இடத்தை விட்டு எழுந்தாள். முதுகை வளைத்து, தலைவியிடம் பொறுத்தருளக் கேட்டபடி அவளைக் கடந்து, அடுப்புப் புகை வந்துகொண்டிருந்த கோடிக்குப் போய் அவர்கள் எதிரே உட்கார்ந்தாள். புதிய தாளை எடுத்தாள்.

“முதல்லருந்து கேக்கறேன். என்ன படிக்கணும் உங்களுக்கு?”