பீடி இல்லாத அறுவடை

நோயாளியை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்பது என் வேலை. கட்டுப்பல் உண்டா. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள். ஆஸ்துமா உண்டா. பீடி, சிகரெட் உண்டா, எத்தனை வருடமாக. மயக்க மருந்துத் தொழில்நுட்பம் படித்துவிட்டுத் தஞ்சாவூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே கேள்விகளை என் அப்பாவிடமும் கேட்டேன். எனக்குத் தெரிந்த பதில்கள்தான். இருந்தாலும் வரிசை தவறாமல் கேட்டேன்.

அப்பாவுக்குக் குடலிறக்கம். நெல்கட்டு சுமந்து சுமந்து வந்தது. அடிவயிற்றின் வலது ஓரத்தில் எலுமிச்சம்பழம் போலப் புடைத்து நிற்கும். படுத்துக் கையால் அமுக்கினால் உள்ளே போய்விடும். அவசரமில்லை, ஆனால் செய்துகொள்வது நல்லது என்றார் அறுவை மருத்துவர். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாதான் அப்பாவின் நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பை வெகுநேரம் எடுக்காமல் இருந்தார்.

"பெரியவரே, ஒரு மாசம் பீடியைத் தொடக்கூடாது. இருமிக்கிட்டே இருந்தா தைச்ச இடம் பிரிஞ்சிடும். விட்டுட்டு வாங்க, தேதி தர்றேன்."

"அந்த ஒரு மாசம் கழிச்சுக் குடிக்கலாங்களா?" என்றார் அப்பா.

"பாத்தீங்களா, வயித்தக் கிழிக்கிற எடத்துலயும் பேரம் பேசுறாரு" என்றாள் அம்மா.

டாக்டரம்மா சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

கீழ்வேளூர் பஸ்ஸில் திரும்பும்போது செய்ய வேண்டியவற்றை மனதுக்குள் அடுக்கினேன். முதலில் பீடி. அடுத்தது சுமை. மூன்றாவதாக அறுவடை. இந்த மூன்றாவதுதான் இடித்தது. சம்பா முற்றி நின்றது. அதை ஆள் வைத்து அறுத்துவிட்டு அப்பா வீட்டில் படுத்திருக்க முடியாது.

நாங்கள் பயிரிட்டது குத்தகை நிலம். சொந்தக்காரர்கள் சென்னைக்குப் போய் வெகுகாலமாகிறது. நிலத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். வயலில் தானே இறங்கிப் பாடுபடுகிறவனைத்தான் சட்டம் குத்தகைதாரன் என்று ஒப்புக்கொள்ளும். அப்பா வேலை செய்வதில்லை, ஆள் விட்டுத்தான் சாகுபடி நடக்கிறது என்பது அவர்கள் வாதம். இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆட்சிக்கு வந்தன. எங்கள் வழக்கு மட்டும் வாய்தா மேல் வாய்தாவாக இருந்த இடத்திலேயே நின்றது. அறுவடையின்போது அவர்களுடைய ஆள் ரோட்டோரம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். அப்பா வயலுக்குள் தெரிய வேண்டும்.

"கட்டுத் தூக்க மாட்டேன். கதிரு மட்டும் அறுக்கிறேன். போதுமா பாப்பா?" என்றார் அப்பா. போதும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

பீடியை அவர் விட்டுவிட்டார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த பீடிக்கட்டை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, திரும்பக் கேட்டால் தராதே என்று சொல்லியிருக்கிறார். விட்ட புதிதில் இருமல் கூடும், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். நான் போட்ட வரிசையில் முதல் வேலை முடிந்திருந்தது.

அறுவடை பாதி நடக்கும்போதே அப்பாவை வேனில் போட்டுக்கொண்டு வந்தார்கள். எலுமிச்சம்பழமாக இருந்தது தேங்காய் நெற்று போல் இறுகியிருந்தது. எப்படி அமுக்கினாலும் உள்ளே போகவில்லை. பச்சையாக வாந்தி எடுத்திருந்தார். குடல் வெளியே மாட்டிக்கொண்டு முறுக்கிவிட்டது. தள்ளுவண்டியில் படுத்திருந்தவரிடம் என்னோடு வேலை செய்கிறவர் கேள்விகளை ஆரம்பித்தார். பீடி உண்டா என்ற இடத்தில் அப்பா என்னைப் பார்த்தார்.

"விட்டாச்சுன்னு சொல்லு பாப்பா."

கதவு மூடியபின் அம்மாவைக் கேட்டேன். கட்டுத் தூக்கினாரா?

"ஒரு கட்டு தொடல. குனிஞ்சவரு நிமிரவே இல்ல. காலையில எறங்குனாரு, வெயிலு உச்சிக்கு வந்தும் அறுத்துக்கிட்டே கெடந்தாரு. இருமல் வேற. கரையேறிச் செத்த உக்காருங்கன்னு நானும் கத்துறேன். கையில ஒண்ணும் இல்லாம என்னத்துக்குடி போயி உக்கார்றதுங்கிறாரு."

எனக்குப் புரியவில்லை. அது நம் வயல்தானே, யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்றேன்.

"ஒனக்கு எங்க தெரியும்? நாங்க பண்ணையாளா இருந்தப்ப, வேலை வாங்குற காரியக்காரரு வரப்புல நின்னுக்கிட்டே இருப்பாரு. சும்மா நிமுந்தா ஆத்தா அப்பனெல்லாம் இழுத்து ஏசுவாரு. பீடி பத்த வச்சா மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு, அவரும் குடிக்கிறவருதானே. ஒங்கப்பா மீசை மொளைக்கிறதுக்கு முன்னாடி பீடி கத்துக்கிட்டது ருசிக்கா? முதுகை நிமுத்துறதுக்கு. பீடி தெரியாதவன் பொழுதுக்கும் குனிஞ்சே கெடக்கணும். எங்களுக்குப் புள்ளைக்குப் பால் குடுக்கிற சாக்கு. நீ பால்குடி மறந்தப்பொறவும் ஒன்னை வரப்புக்குத் தூக்கியாரச் சொல்லுவேன்."

பண்ணையாள் முறை ஒழிந்து, செங்கொடி ஏறி, கூலி கூடி, காரியக்காரரும் செத்துப்போய், அந்த மண்ணிலேயே அப்பா குத்தகைதாரர் ஆகியிருந்தார். இத்தனை நடந்த பிறகும் பீடி இல்லாமல் வரப்பில் உட்கார அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. எத்தனை பீடி, எத்தனை வருடம் என்றெல்லாம் கேட்டேன். எதற்குக் குடிக்கிறீர்கள் என்ற கேள்வி எங்கள் வரிசையில் கிடையாது.

செத்துப்போயிருந்த குடலை வெட்டி எடுத்தார்கள். பிறகு நெஞ்சில் சளி கட்டி, ஆக்சிஜனோடு பல நாள் கிடந்தார். ஒரு மாதம் முடிந்திருந்தால் இந்த நெஞ்சு தாங்கியிருக்கும் என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னது சரிதான். நானும் அதைத்தான் படித்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தவர் அதன்பின் வயலில் இறங்கவில்லை. இறங்க முடியாது என்பது ரோட்டோரம் நின்றவருக்கும் தெரிந்துபோனது. அடுத்த குறுவைக்கு அந்த நிலத்தில் வேறு யாரோ நாற்று விட்டார்கள். அம்மா அந்தப் பக்கம் போவதை நிறுத்தினாள்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காலையிலிருந்து அதிலேயே அப்பா உட்கார்ந்திருப்பார். ஒருமுறை நான் ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வந்து பீடிக்கட்டை நீட்டினார். இனிமேல் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார். நானும் தடுக்கவில்லை.

அப்பா அதை வாங்கவில்லை.

"வேணாம்ப்பா" என்றார். "அதான் உக்காந்துதானே இருக்கேன்."