கடிகாரக்காரர் வீட்டுத் துளசி

தையலக்காவுக்கும் மூன்றாம் மாடிக் கடிகாரக்காரருக்கும் ஏதோ இருக்கிறது என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சு. தினமும் காலையில் படியேறிப் போகிறாள், முகம் சிவக்க இறங்குகிறாள் என்றார்கள் பார்த்தவர்கள். பார்க்காதவர்கள் அதற்குக் கண், காது, மூக்கு வைத்தார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? நடந்த கதை வேறு, கேளுங்கள்.

தையலக்காவின் பால்கனியில் துணி காயப்போட இடமில்லை, அத்தனை தொட்டி. அதில் ராணி, எலுமிச்சை வாசம் வீசும் ஒரு துளசி. கடைகளில் கிடைக்காத ரகம். கேட்டவர்களுக்கெல்லாம் விதை கொடுப்பாள், ஆனால் ஒரே ஒரு தடவைதான். கடிகாரக்காரர் தண்ணீரை ஊற்றி ஊற்றியே முதல் செடியை அழுகவிட்டு மறுபடி வந்து நின்றபோது, நாலு பேர் முன்னால் திருப்பி அனுப்பினாள்.

"சாகடிக்கிறவங்களுக்கு என்கிட்ட ரெண்டாம் தடவை கிடையாது, சார்."

மனிதர் வேறொரு வீட்டில் விதை வாங்கி எப்படியோ பிழைக்க வைத்துவிட்டார்.

நீராவி இஸ்திரிப்பெட்டியில் மிஞ்சும் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுவது தையலக்காவின் வழக்கம். அன்று பெட்டிக்குள் படிந்த உப்பைக் கரைக்க வினிகர் விட்டிருந்தாள். கைப்பழக்கத்தில் அதையும் தொட்டியில் கவிழ்த்தாள். செடி கருகிப்போனது. டப்பாவில் ஒரு விதைகூட இல்லை, எல்லாம் தானம் பண்ணியாயிற்று. வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் அலைந்தாள். ஒரு வீட்டில் பூனை, இன்னொரு வீட்டில் வெயில். உயிரோடு இருந்தது கடிகாரக்காரர் வீட்டுச் செடி மட்டும். அதுவும் போனால் அந்த வாசம் அதோடு சரி.

மானத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கதவைத் தட்டினாள்.

"வாங்கம்மா. சாகடிச்சிட்டீங்களா?"

"ஒரு கிளை ஒடிச்சுக் குடுங்க, போதும்."

"கதிர் விட்டிருக்கு, இப்ப கத்தி வைக்க மாட்டேன். விதை கறுக்கட்டும், எடுத்துக்கங்க. ரெண்டாம் தடவை கிடையாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

ஊசி பிடிக்கிறவளுக்கே ஊசி. திரும்பப் போனவள், அவர் செம்பைத் தூக்குவதைப் பார்த்து நின்றாள். தொட்டியின் அடியிலிருந்து ஏற்கெனவே சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ! நேத்து எத்தனை தடவை ஊத்தினீங்க?"

"சாப்பிடும்போதெல்லாம் ஊத்துவேன். நம்ம மட்டும் தின்னா நல்லாவா இருக்கும்?"

மறுநாள் தொடங்கியதுதான் அந்தப் படியேற்றம். தினமும் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பாள், தினமும் சண்டை. ஒருவழியாகக் கதிர் காய்ந்து விதை கறுத்தது. உள்ளங்கையில் உதிர்த்து, பாதியை அவரிடமே விட்டுவிட்டு இறங்கினாள்.

படியில் பால்காரம்மா வழிமறித்தாள். "என்னக்கா, எப்ப நல்ல சேதி சொல்லப்போறீங்க?"

"அடி போடி! காதலாவது கத்தரிக்காயாவது! அந்த மனுஷன் கையிலருந்து தண்ணிச் செம்பைப் புடுங்கத்தான்டி தினமும் போனேன்!"