ஒரே இடத்தில் இரண்டு மூலம்

சென்ற கிழமை வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பச்சை எழுத்து. "மூலத்துக்கு நிரந்தரத் தீர்வு. கத்தி இல்லை, வலி இல்லை, ஏழே நாட்களில்." நின்று இரண்டு தரம் வாசித்தேன். ஏழு நாளா! ஒரு வருஷம் முழுக்க மூலத்துக்குத் தீர்வு தேடியவன் நான். அந்த வயிற்றெரிச்சலில் மூன்றாம் தரம் வாசிக்கும்போது தோளில் ஒரு கை விழுந்தது. எங்கள் லேனில் இருக்கிற பழைய சிநேகிதர்.

"வெக்கப்படாதை மச்சான்," என்றார் தணிந்த குரலில். "நுகேகொடையில ஒரு நல்ல டொக்டர் இருக்கிறார். என்ர மச்சானுக்கும் அவர்தான் பாத்தவர்."

விளக்கப் போனால் பஸ் போய்விடும். நன்றி சொல்லி டொக்டருடைய நம்பரை வாங்கிக்கொண்டேன். விளக்கத்தை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு இப்போது பஸ் இல்லை.

ஒரு சமன்பாட்டில் எந்த எண்ணைப் போட்டால் பூச்சியம் வருகிறதோ, அந்த எண் அதன் மூலம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கண்ட சாமான்தான். கொஞ்சம் சிக்கலான சமன்பாடு என்றால் நேரே விடை எடுக்க முடியாது. ஓர் எண்ணை ஊகிக்க வேண்டும், அதைத் திருத்த வேண்டும், திருத்தியதையும் திருத்த வேண்டும். சமன்பாட்டின் வளைகோட்டைத் தொட்டுச்செல்லும் தொடலியாக ஒரு நேர்கோடு வரைந்து, அது கீழே அச்சில் எங்கே விழுகிறதோ அதை அடுத்த ஊகமாக எடுப்பது பெயர்போன வழி. சாதாரண மூலம் என்றால் நாலைந்து எட்டு வைப்பதற்குள் ஆளைக் கொண்டுபோய் வாசலில் விட்டுவிடும். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு மூலம் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் அதே வழி நொண்டத் தொடங்கும். வளைகோடு அச்சை வெட்டாது; வந்து தொட்டுவிட்டுத் திரும்பிப் போகும். கம்பஸில் படித்த கடைசி வருஷம் எனக்கு வாய்த்த புரொஜெக்ட் அதுதான். வாய்த்தது என்ன, நல்ல தலைப்புகளைக் கெட்டிக்காரர்கள் எடுத்த பிறகு மிஞ்சியது.

புறக்கோட்டையில் பழசாக வாங்கிய கால்குலேட்டர் ஒன்று வைத்திருந்தேன். அதில் எப்போதும் வெங்காயம் மணக்கும். காரணம் அக்கா. ஒரு கந்தோரில் டைப்பிஸ்டாக இருந்தவள். என் ஒரு விரல் தேடிப் போவதற்குள் அவள் பத்து விரலும் போய் வந்துவிடும். பின்னேரம் வேலையால் வந்து கறிக்கு வெட்டிக்கொண்டே, இடையில் கையை உடுப்பில் துடைத்துவிட்டு எனக்குக் கணக்குத் தட்டித் தருவாள். நான் எழுதுவேன்.

"ரெண்டில தொடங்கினம். பிறகு ஒண்டு தசம் அஞ்சு ஏழு. பிறகு தசம் மூண்டு ஒண்டு. தசம் ஒண்டு ஏழு. தசம் பூச்சியம் ஒன்பது," என்று வாசித்துக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். "விடை என்னடா?"

"ஒண்டு."

"மிச்சத் தூரத்தில பாதிதானே ஒவ்வொருக்காலும் போகுது. இப்பிடி அரைவாசி அரைவாசியாப் போனா எப்ப போய்ச் சேருறது?"

"இருபது தரம் தட்டோணும்."

"அதுக்கிடையில எனக்கு முப்பது வந்திடும்," என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் அவள் எதைச் சொன்னாள் என்று விளங்கியது.

அக்காவின் நட்சத்திரம் மூலம். மூலத்தில் பிறந்த மருமகள் வந்தால் மாமனாருக்கு ஆயுள் இல்லை என்று ஒரு கதை. வந்த சம்பந்தமெல்லாம் சாதகம் கேட்கிற மட்டும்தான் உயிரோடு இருந்தது. அப்பா இல்லாத வீட்டில் அம்மா தனியாக நின்று ஏழெட்டு இடம் பார்த்துத் தோற்றிருந்தார். அதனால் அந்தச் சொல்லுக்கே வீட்டில் தடை. நான் மூலை என்று சொன்னாலும் அம்மா திரும்பிப் பார்ப்பார். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு நான் இரட்டை மூலம் தேடினேன் என்றால், என் புத்தியை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

பாதிப்பாதிக்கு ஒரு மருந்து இருக்கிறது. அந்த இடத்தில் இருப்பது இரண்டு மூலம் என்று முதலே தெரிந்தால், ஒவ்வொரு எட்டின் நீளத்தையும் இரண்டால் பெருக்கிப் போட வேண்டும். அவ்வளவுதான். அக்கா தட்டினாள். ஒன்று தசம் ஒன்று நாலு. பிறகு ஒன்று தசம் பூச்சியம் பூச்சியம் ஐந்து. அடுத்ததில் தசத்துக்குப் பிறகு ஐந்து பூச்சியம். நாலாவதில் வெறும் ஒன்று. ஐந்தாம் தரம் தட்ட, கால்குலேட்டர் பிழை என்றது. அந்த இடத்தில் சாய்வும் பூச்சியம், பூச்சியத்தால் பிரிக்க அதற்குத் தெரியாது.

"இதென்னடா, வந்து சேர்ந்தாப் பிறகு பிழை எண்டுது?" என்றாள் அக்கா. வெங்காயத்துக்குத் திரும்பியபடி, "அப்ப இருக்கிறதை முதலே தெரிஞ்சு வச்சிருந்தா கெதியாப் போகலாம். மறைச்சு வச்சாத்தான் இழுபடும்," என்று தனக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த மாதம்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் அடுத்த நட்சத்திரம் பூராடம், ஒருவருக்கும் தெரியாது என்றார் தரகர். அம்மா தலையாட்டினார். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் மேசையில் வைத்த மாப்பிள்ளையின் படம் மேசையில் இல்லை, அவளுடைய கைப்பையில் இருந்தது. நான் பார்த்தேன்.

பார்க்க வருகிற அன்று அம்மா என்னைக் குசினிக்குள் அடுப்படிக்குக் கூப்பிட்டார். "உன்ர அந்தப் படிப்பை ஆரும் கேட்டா இங்கிலீசில சொல்லு. அந்தச் சொல் வாயில வந்துதோ, நான் மனுசியாயிருக்க மாட்டன்." நான் ரூட், ரூட் என்று பத்துத் தரம் சொல்லிப் பழகிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா துறைமுகத்தில் முப்பது வருஷம் கதிரையில் இருந்த கிளார்க். எங்கள் கதிரையில் மட்டும் நுனியில் இருந்தார். மாப்பிள்ளை கட்லட்டோடு இருந்தார்.

"தம்பி என்னத்தில ஆராய்ச்சி செய்யிறீர்?"

"ரூட் கண்டுபிடிக்கிறது, அங்கிள்."

"பஸ் ரூட்டோ?"

மாப்பிள்ளை கட்லட்டோடு சிரித்தார். எனக்கு மானம் போனமாதிரி இருந்தது. இருபத்திரண்டு வயதில் மானம் மிக மெல்லியது. "இல்லை அங்கிள், மூலம்," என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரே இடத்தில ரெண்டு மூண்டு மூலம் இருந்தா என்ன செய்யிறதெண்டு."

அவருடைய முகம் வாடிவிட்டது. "ஒரே இடத்தில ரெண்டு மூண்டோ? ஐயோ தம்பி, எனக்கு ஒண்டையே தாங்கேலாமல் கிடக்கு." கதிரை நுனியின் இரகசியம் அப்போது வெளிவந்தது. "என்ன மருந்து?"

மாப்பிள்ளையின் அம்மாவுடைய காதில் வேறொன்று விழுந்திருந்தது. "மூலமோ? ஆருக்கு மூலம்?"

"பூராடம்!" என்று கத்தினார் எங்கள் அம்மா. "எங்கட பிள்ளை பூராடம்!"

நட்சத்திரத்தை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. ஒரு சொல்லை ஒருவர் கணக்காகச் சொல்ல, ஒருவர் நோயாகக் கேட்க, இரண்டு பெண்கள் நட்சத்திரமாகக் கேட்டார்கள். வெளியே கடற்கரை ரயில் ஒன்று இரைந்து போனது. தேத்தண்ணீர்த் தட்டோடு அக்கா வாசலில் நின்றாள்.

"எனக்குத்தான் அன்ரி. நான் மூலம்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "வாங்கோ போவம்." மாப்பிள்ளை எழும்பவில்லை, தன் அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் எழும்பவில்லை.

"இரும். சாகப்போறது நான்தானே, என்னட்டக் கேளுமன்," என்றார் மனைவியிடம். பிறகு அக்காவிடம், "பிள்ளை, பேசாமல் இருந்திருந்தா விசயம் ஒப்பேறியிருக்கும். ஏன் சொன்னனீர்?"

"உங்களுக்கு ஒரு தடிமன் காய்ச்சல் வந்தாலும் என்னாலதான் எண்டு நான் தனியா இருந்து யோசிக்கோணும், அங்கிள். அது என்னால ஏலாது."

அவர் தட்டிலிருந்து கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார். "அப்ப எல்லாருமா யோசிப்பம்," என்றார். "சீனி காணாது, பிள்ளை."

தையில் கலியாணம். புரொஜெக்ட்டுக்கு நடுத்தரமான ஒரு மார்க்ஸ் வந்தது. கலியாணச் சோற்றுக்குப் பிறகு அதை யாரும் விசாரிக்கவில்லை. இன்றைக்கு என் மகள் அதே சமன்பாட்டை போனில் தட்டுகிறாள். ஒன்று என்று உடனே வருகிறது. இடையில் எத்தனை எட்டு, எங்கே நொண்டியது என்று கேட்க ஆளில்லை.

கொட்டாஞ்சேனை வீட்டில் அக்காவின் மாமனார் கலியாணத்துக்கு அடுத்த நாளே ஒரு பகிடி தொடங்கினார். காலையில் எழும்பி, குசினி வாசலில் வந்து நின்று, "பிள்ளை, நான் இண்டைக்கும் இருக்கிறன்," என்பார். முப்பது வருஷம். விருந்துக்குப் போய்த் தங்கிய நாட்களில் நானே கேட்டு வயிறு நோகச் சிரித்திருக்கிறேன். எண்பத்தேழு வயதில், போன வருஷம், நித்திரையில் போனார். பொரளைக் கனத்தை மயானத்தில் ஒரு சொந்தக்காரப் பெண் என் காதுக்குள், "அண்டைக்கே சொன்னனான், மூலம் மாமனுக்கு ஆகாது," என்றார். உலகத்திலேயே மிக மெதுவாக விடைக்குப் போய்ச் சேர்ந்த ஒருங்கல் இதுதான் என்று எனக்குள் ஒரு பகிடி வந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதைச் சொன்னேன், சிரிப்பாள் என்று நினைத்து.

அவள் சிரிக்கவில்லை. "மாமா இண்டைக்கும் இருக்கிறன் எண்டு பகிடிக்குச் சொல்லேல்லையடா," என்றாள். "நீங்கள் எல்லாரும் சிரிப்பியள். எனக்கு அதைக் கேட்டாத்தான் நெஞ்சுக்குள்ள தேத்தண்ணி இறங்கும். அவருக்கு அது தெரியும். காய்ச்சலோட கிடந்த நாளிலையும் சுவரைப் பிடிச்சுக்கொண்டு வந்து சொல்லிப்போட்டுப் போய்ப் படுத்தவர்."

இப்போதும் அக்கா விடியத் தேத்தண்ணீர் ஊற்றுகிறாள். ஊற்றிவிட்டு, கோப்பையைக் கையில் எடுக்காமல் குசினி வாசலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறாள். பிறகு ஆறியதைக் குடிக்கிறாள்.