இடது கன்னம் நீங்கலாக

இருபத்தாறு வருடமாக ஊரார் கன்னங்களை வழுவழுவென்று ஆக்கி அனுப்புகிறவன் நான். என் முகத்தைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். வலது பக்கம் மாப்பிள்ளை, இடது பக்கம் ஜாமீனில் வந்தவன். ஆறு வருடத்துக்கு முன் அந்தப் பக்கத்து நரம்பு ஒன்று கெட்டது. காற்றுப் பட்டாலே ஷாக் அடித்த மாதிரி வலிக்கும். பல்வலி என்று நினைத்து இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்ட புத்திசாலியும் நான்தான். கவலை வந்தால் கன்னத்தில் கை வைத்து உட்காரக்கூட எனக்குக் கொடுப்பினை இல்லை.

என் மனைவி எதையும் தொட்டுத்தான் சொல்வாள். காலையில் கன்னத்தைத் தட்டித்தான் எழுப்புவாள். வலி வந்த பிறகு அவள் கை கிட்டே வந்தாலே, "தொடாதே!" என்று கத்துவேன். வாடிக்கையாளரிடம் பெட்டிப்பாம்பாக இருக்கும் என் வீரமெல்லாம் வீட்டில்தான். அந்தக் கையை விரட்டியதும் நான், அது திரும்பி வராதா என்று ஏங்கியதும் நான்.

மாத்திரையில் வலி அடங்கி மூன்று மாதம் ஆனது. ஒருநாள் என்னிடம் சவரம் செய்துகொண்டு போன எதிர்க்கடைத் தையல்காரர் கன்னத்தைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தார்.

"யோவ், வலது பக்கம் கண்ணாடி, இடது பக்கம் உப்புத்தாள். என்னய்யா வேலை இது?"

அப்புறம்தான் கவனித்தேன். யாருடைய இடது கன்னத்துக்குக் கத்தி போனாலும் என் கை தானாகப் பின்வாங்கியது. தெருவில் பாதிப்பேர் என் தயவில் ஒரு பக்கத் தாடியோடு திரிந்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் சொன்னேன். மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள்.

"வலியை உணர்ற இடமும், வலி வந்துடுமோன்னு பயப்படுற இடமும் ரொம்ப நெருக்கமாப் பேசிக்குது," என்றார் டாக்டரம்மா. "நாள்பட்ட வலியில இப்படி ஆகலாம்."

"எனக்குத் தெரியாம என் தலைக்குள்ளயே கூட்டணியா?"

"நரம்பு அடங்கிடுச்சு. மூளைதான் இன்னும் நம்பல. யாரையாவது மெதுவாத் தொடச் சொல்லிப் பழகுங்க."

யாரை என்பதில் எனக்கென்ன சந்தேகம்? வீட்டுக்கு வந்ததும் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லி, கன்னத்தைக் காட்டினேன்.

"தொடு."

கண்ணை மூடிக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டேன், மிச்சம் இருப்பவற்றை. ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தேன். அவள் கை என் முகத்துக்கு ஒரு விரல் தள்ளி அப்படியே நின்றிருந்தது.

"வரமாட்டேங்குதுங்க," என்றாள்.

"இனிமே கத்தமாட்டேன்."

"எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலையே."