மூன்றாவது ஓலையும் கொரியக் கணவாயும்

போன வெள்ளிக்கிழமை, பள்ளிமுனையில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கலியாணம் நின்றுபோகப் பார்த்தது. காரணம் சீதனம் இல்லை. சம்பந்தி சண்டையும் இல்லை. கணவாய்!

பெரியப்பாவின் மகன் ரொஷான் அண்ணா கொரியாவில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். கலியாணத்துக்கு லீவில் வந்திருந்தார். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசித்து, 'தடை இருந்தால் சொல்லுங்கள்' என்று அறிவித்த பிறகுதான் தாலி. இரண்டு ஓலை முடிந்திருந்தது. அப்போது பார்த்து, கொரிய முதலாளி வீடியோ கோலில் வந்தார். கணவாய் மீன் பருவத்துக்கு முந்தியே கடலில் வந்துவிட்டதாம். படகுக்கு ஆள் இல்லையாம். உடனே வரட்டாம்.

கணவாய்க்கு ஓலையைப் பற்றி என்ன தெரியும்?

"மாட்டன் எண்டால் வேலை போயிடும்... போனால் கலியாணம் போயிடும்," என்று அண்ணா முழித்தார்.

பெரியப்பா போனைப் பறித்தார். "விடடா, நான் கதைக்கிறன்."

"அப்பா, அவருக்கு இங்கிலீசே தெரியாது!"

"எனக்கு மட்டும் தெரியுமோ?"

பெரியப்பா வாலிபத்தில் சவூதியில் றோட்டு வேலை செய்தவர். அவருக்கு வெளிநாட்டு மொழி என்றால் ஒன்றுதான் — அரபு. மன்னாரில் காற்றாலை பூட்ட வந்த வெள்ளைக்காரரையும் அரபில்தான் சுகம் விசாரித்தவர்.

"முதீர்! மாஃபி முஷ்கிலா!" என்று தொடங்கினார். முதலாளி, பிரச்சினை ஒன்றுமில்லை!

நான் தலையில் கை வைத்தேன்.

திரையில் முதலாளிக் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாஃபி முஷ்கிலா!" அவரும் வாலிபத்தில் சவூதியில் றோட்டுப் போட்டவராம்! கொரியர்களும் ஒரு காலத்தில் அங்கே பிழைக்கப் போனவர்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? பொருளியல் படித்த எனக்குத் தெரியாது.

பாதி அரபு, பாதி கைச்சாடை. வெயில், குபூஸ் ரொட்டி, சூப்பர்வைசருக்கு ஏச்சு... கடைசியில் பெரியப்பா மகனைக் காட்டி, விரலில் மோதிரம் போடுவதுபோல் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டார்.

யோசித்துப் பாருங்கள். சவூதி றோட்டைக் கொரியர் போட்டார். கொரியப் படகில் எங்கள் அண்ணா. அண்ணா இல்லாத பெரியப்பாவின் மீன்பிடிப் படகில், உயிலங்குளம் என்ற வயல் ஊர்ப் பெடியன். உயிலங்குளத்து வயலில் யாரோ... நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர், வேலை நடப்பதே அடுத்த வீட்டுப் பிள்ளையால்தான்!

முதலாளி ஒரு கிழமை லீவு கூட்டித் தந்தார்.

"அதுவரைக்கும் கொரியப் படகில ஆர், அண்ணா?" என்று கேட்டேன்.

"முதலாளியின்ர மகன்தான். சியோலில ஏசி போட்ட கந்தோர் வேலை. லீவு போட்டுட்டு வந்து ஏறட்டாம்!"

ஞாயிறு மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல ஒருவரும் எழும்பவில்லை — கணவாய் உட்பட.