இரைப்பையிலிருந்து இதயத்துக்கு ஒரு கிளை

இதய அறுவை சிகிச்சை பாதி குழாய் வேலை. மீதி, அந்தக் குழாயை எங்கிருந்து எடுத்தோம் என்று வீட்டாருக்கு விளங்கவைக்கும் வேலை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, புரிந்த மாதிரி தலையாட்டிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மைசூரில் இதய அறுவை டாக்டராக எதிர்ப்பக்கம் நிற்கும் என் பாடும் ஏறக்குறைய அதேதான். உதாரணத்துக்குப் பழனிசாமி ஒருவர் போதும்.

விளக்கப்படம்

பழனிசாமி ஹனூர்ப் பக்கத்து மஞ்சள் விவசாயி. முதல் பைபாஸில் வைத்த குழாய் அடைத்துப்போய், கொஞ்சம் நடந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மறுபடி வைக்கக் காலில் நல்ல ரத்தக்குழாய் மிச்சமில்லை, கையிலும் இல்லை. இரைப்பையின் கீழ் வளைவை ஒட்டி ஓடும் தமனி ஒன்றுதான் பாக்கி. அதன் ஒரு நுனியை மட்டும் விடுவித்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் துளையிட்டு மேலே ஏற்றி, இதயத்தின் அடிப்பக்கம் தைக்க வேண்டும். இரைப்பைக்கு வேறு தமனிகளும் உண்டு, அது பட்டினி கிடக்காது என்று படம் வரைந்து சொன்னேன். உயிருக்கு ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

அவர் மனைவி சரசு படத்தையே வெகுநேரம் பார்த்தார். “ஏனுங்க டாக்டர், அப்புறம் இவருக்குப் பசிச்சா நெஞ்சு வலிக்குமுங்களா?”

தியேட்டரில்

வயிற்றைத் திறந்தபோது தமனி நன்றாகத் துடித்துக்கொண்டிருந்தது. தொட்டதும் நூலாகச் சுருங்கிவிட்டது. வெட்டிய நுனியில் ரத்தம் சொட்டக்கூட இல்லை. எங்களுக்கோ வேறு வழியே கிடையாது. குழாயை விரிக்கும் மருந்தில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தோம். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. திடீரென்று நுனியிலிருந்து ரத்தம் பீறிட்டு என் கண்ணாடியில் அடித்தது. கண்ணாடி அழுக்கானதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

தைத்து முடித்து, இதயம் சீராகத் துடிக்க ஆரம்பித்த பிறகே மயக்க மருந்து டாக்டர் ஷைலஜா வாயைத் திறந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வருகிறவர், தமிழில் பாதி கன்னடம்; சாப்பாட்டை ஊட்டா என்பார். “பாருங்க சார், நமக்கே இன்னும் ஊட்டா ஆகலை, இந்த வயிறு அதுக்குள்ள இன்னொருத்தருக்குப் பரிமாறிடுச்சு.”

பித்தப்பைக் கல்

சில வருடம் கழித்து, குண்டலுபேட்டையில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் பழனிசாமிக்குக் கடும் வயிற்றுவலி. பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு எல்லாம் தயார். அங்கிருந்த டாக்டர் எக்ஸ்ரேயில் நெஞ்சிலிருந்து வயிறுவரை வரிசையாக, தமனியின் கிளைகளை அடைக்க நாங்கள் போட்ட குட்டிக் குட்டி உலோகக் கிளிப்புகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டு என்னைக் கூப்பிட்டார். கல்லீரலுக்கு முன்னால் போகும் அந்தக் குழாயில் கத்தி பட்டால் மேஜையிலேயே இதயம் நின்றுவிடும் என்றேன். அன்றே மைசூருக்கு அனுப்பிவைத்தார். இங்கே சின்னத் துளை வழியே கேமரா வைத்து, குழாயில் படாமல் பித்தப்பையை எடுத்தோம்.

இதை ஏன் அந்த டாக்டரிடம் சொல்லவில்லை என்று பழனிசாமியைக் கேட்டேன். “நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சான்னு கேட்டாங்க, ஆச்சுன்னேன். வயித்துல ஆச்சான்னு கேட்டாங்க, இல்லைன்னேன். அது நெஞ்சுக்குப் பண்ணதுதானுங்களே?”

பத்தியம்

போன மாதம் பரிசோதனைக்கு வந்தவரிடம் எண்ணெய், நெய் கூடாது என்று கண்டித்து அனுப்பினேன். சாயங்காலம் தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தால், எதிர் மேஜையில் அவர்; முன்னால் நெய்த்தோசை. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தாரே தவிர, தட்டை நகர்த்தவில்லை. “கோவிச்சுக்காதீங்க டாக்டர், இந்த வயிறு இப்ப ரெண்டு பேருக்கு ஒழைக்குதுங்க.”

உடம்புக்குள் எந்தக் குழாயையும் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்த் தைத்துவிடுவோம். தட்டிலிருக்கும் தோசையை அகற்றத்தான் எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை.